கடுக்காய்த் தண்ணீரில் ஊறும் படம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ வளர்ந்தவர்களுக்குச் சோடியம் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. சுண்ணாம்போடு அதைக் கலந்துதான் தோல் ஷாப்புகளில் தோலிலிருந்து மயிரை உதிர்ப்பார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள் முதல் வாரம் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். எனக்கோ அந்த வாடை வந்தாலே எங்கள் தெரு ஸ்டுடியோவின் கொல்லைப்புறமும், பீங்கான் தட்டுகளில் பழுப்பேறிக்கொண்டிருக்கும் கல்யாணப் படங்களும்தான் கண்ணில் நிற்கும்.

ஸ்டுடியோக்கார பாய், கழுவி முடித்த கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலில் போடுவார். மாப்பிள்ளையின் மீசை, பெண்ணின் நெத்திச்சுட்டி என்று ஒவ்வொன்றாக வெளிறி, கடைசியில் மஞ்சள் பூத்த தாள்தான் மிஞ்சும். படத்துக்கு உரியவர்கள் அந்நேரம் எட்டிப் பார்த்தால் அழுதே விடுவார்கள். அப்புறம்தான் சல்ஃபைடு தண்ணீர். "மூச்சைப் புடிச்சிக்கிட்டு ஊத்து தம்பி" என்பார். ஊற்றின மாத்திரத்தில் மீசை திரும்பி வரும், நெத்திச்சுட்டி திரும்பி வரும், ஆனால் கறுப்பில் அல்ல, காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்தில். தாளிலிருந்த வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடுவதால் அந்தப் படம் எளிதில் மங்காது. டார்க் ரூமுக்குள் இதைச் செய்தால் அந்த ஆவி பட்டே மிச்சத் தாளெல்லாம் பாழாகும். கொல்லைப்புறம் போனதற்கு அதுதான் காரணம். அந்தச் சல்ஃபைடு, பக்கத்துத் தோல் ஷாப்பிலிருந்து டப்பாவில் வந்தது.

ஊரே ஊறவைத்துத்தான் பிழைத்தது. அங்கே தொட்டியில் தோல், இங்கே தட்டில் படம். ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸிலிருந்து 'இந்து' தாள் வரும். அதன்மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. தோலை இறுக்கும் குரோமிய உப்புகளின் வகையைச் சேர்ந்த குரோம் ஆலம்தான் வெயில் காலத்தில் அந்த ஜெலட்டின் இளகிவிடாமல் இறுக்கவும் உதவியது. பதினைந்து வயதில் இதையெல்லாம் மந்திரம் என்று நினைத்தேன். வேதியியல் என்று தெரிந்த பிறகு பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

'டபுள் ஆக்ட்' படம் உங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஒன்று இருக்கக்கூடும். 1940-இல் பி.யு. சின்னப்பா 'உத்தமபுத்திர'னில் இரண்டு வேடம் கட்டியதிலிருந்து தமிழனுக்குத் தன்னையே பக்கத்தில் உட்கார்த்திப் பார்க்கும் ஆசை. பாய் லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருமுறை எடுப்பார். பிறகு ஃபிலிமை நகர்த்தாமல், ஆளை மட்டும் அடுத்த பக்கம் நகர்த்தி, அட்டையை மாற்றி வைத்து இன்னொருமுறை எடுப்பார். ஆள் தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்வார். பகலில் எடுத்த வேலூர்க் கோட்டை நெகட்டிவின் மேல் நிலா நெகட்டிவை ஒட்டவைத்து பிரிண்ட் போட்டால் அகழிக்கு மேலே முழுநிலா காயும். சரியாக வந்ததா என்று தெரிய, சிவப்பு விளக்கடியில் தட்டை ஆட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தின் சுகத்தை எதில் கொண்டு சேர்ப்பது?

இன்று ஷூ கம்பெனி ஷிஃப்ட் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் செல்ஃபோனை ஒருமுறை தொட்டால் பழுப்பு நிறம், இன்னொருமுறை தொட்டால் இரட்டை உருவம், கூடவே பாய் ஒட்டகமயிர்த் தூரிகையால் துடைத்துத் துடைத்து ஒழித்த தூசியும் கீறலும் அழகுக்காக வந்து உட்காருகின்றன. அவர்கள் தைக்கும் ஏற்றுமதி ஷூவையும் இப்போது புதிதாக இருக்கும்போதே தேய்த்துப் பழசாக்கி அனுப்பும் வழக்கம் உண்டு. ஆனால் அவர்களுடைய அம்மாக்களுக்குக் கல்யாணத்துக்கு ஒரு படம், பிள்ளை பிறந்தால் ஒரு படம், அவ்வளவுதான் வாய்த்தது. இந்தப் பெண்கள் தினமும் தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ ரசாயனம் போகும்வரை படத்தை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறிய பிறகு, காய்ந்த படங்களின் மேல் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்வதற்கு வெகு முன்பே பாயின் பிரிண்டுகள் சொல்லிவிட்டன. டிஜிட்டல் படத்துக்குத் தண்ணீர் வேண்டாம். இந்த ஊருக்கு அது சின்ன உதவியல்ல.

வேலூரில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இப்போது மொட்டை மாடியில் சயனோடைப் போடுகிறாள், 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. எங்கள் வெயிலுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. செல்ஃபோனில் எடுத்த படத்தையே பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவாக அச்சடித்து, ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டுகிறாள். அவள் கலக்குவதில் அதே ஃபெர்ரிசயனைடு இருக்கிறது. நீலமாக வந்த படத்தைச் சலவைச் சோடா நீரில் வெளிறவைத்து, தோலுக்குப் போடுவதுபோலக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப் போடச் சொன்னேன். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுத்தது. "ஆவாரம்பட்டையில போட்டா எப்படி வரும் தாத்தா?" என்கிறாள். நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ சொல்லி வைத்திருக்கிறேன்.