பரம்பரை எழுதப் போறியா தம்பி?

வாப்பா, உக்காரு. ரிட்டயர் ஆயிட்டியாமே. கையில நோட்டு வேற. குடும்ப வரலாறு எழுதப் போறேன்னு உம் பொஞ்சாதி தெரு பூரா சொல்லிக்கினு கீது. ரொம்ப நல்லது. வூட்ல சும்மா உக்காந்தா ரேஷன் கடைக்கு அனுப்பிச்சுடும். எழுதிக்கினு இருக்கறவனை யாரும் ஒரு வேலை ஏவ மாட்டாங்க.

மொதப் பக்கத்தைப் படி, கேக்கறேன். 'எங்கள் முன்னோர் பல்லவர் காலந்தொட்டே சிங்கப்பெருமாள் கோவிலில்...' அடேங்கப்பா! பல்லவர் காலம்னா நம்ம பாடலாத்ரி நரசிம்மருக்கு மலையைக் குடைஞ்ச காலம். குடைஞ்சவன் உம் முப்பாட்டன்தான்னா சொல்லு, இப்பவே கால்ல விழறேன். மலையும் சாமியும் ஒண்ணாப் போனதால, இங்க பெருமாளைச் சுத்தணும்னா மலையையே சுத்தணும். உங்க சித்தப்பன் முட்டி வலிக்குதுன்னு பாதியிலயே திரும்புற ஆளு. உளியா தூக்கியிருக்கப் போறான்?

திருக்கச்சூரு கதை தெரியுமில்ல? சுந்தரர் பசியோட உக்காந்திருந்தப்ப சிவபெருமானே ஓட்டைத் தூக்கிக்கினு வூடு வூடாப் போயி சோறு வாங்கியாந்து போட்டாராம். இந்த வட்டாரத்துல எந்தப் பெரிய மனுசனைக் கேட்டாலும், அந்த மொத கவளம் எங்க வூட்டுச் சோறுன்றான். எல்லா வூட்லயும் போட்டிருந்தா சாமி மாட்டு வண்டி கட்டிக்கினு இல்ல வந்திருக்கணும்? எவனாவது ஒருத்தன், 'எங்க பாட்டி அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிச்சு'ன்னு சொல்லட்டும். அந்த வூட்டு வரலாறை நான் நம்பறேன்.

ஆதாரம் வேணும்னா அதுக்கும் வழி கீது. 1763ல ஆற்காட்டு நவாப்பு இந்தச் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்காரனுக்கு ஜாகீரா எழுதிக் குடுத்துட்டாரு. 1767ல பர்னார்டுன்னு ஒரு வெள்ளைக்காரன் வந்து ஊர் ஊரா அளந்தான். கிட்டத்தட்ட 2000 ஊரு. எத்தனை வூடு, எத்தனை ஏரி, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, களத்துமேட்டு நெல்லுல தச்சனுக்கு எவ்வளவு, கொல்லனுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவுன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டான். அதுல தேடிப் பாரு. உன் ஆளு ராஜாவா இருக்க மாட்டான். ஏரிக்கரையில நீர்கட்டியா இருந்திருப்பான். இருந்தா இன்னா இப்போ? மதகைத் திறக்கிறவன் மனசு வெச்சாத்தான் ஊருக்கே சோறு.

நானும் பார்த்தது அந்த மாதிரி வேலைதான், ரயில்வே கேட்டு. ஒரகடம் ரோட்டுல நான் கேட்டைப் போட்டா கலெக்டர் ஜீப்பும் நிக்கும், வைக்கோல் வண்டியும் நிக்கும், மறைமலை நகர் ஃபோர்டு கம்பெனியில இருந்து வந்த பளபளா காரும் நிக்கும். உங்க ஆபீஸ்ல உன்னைப் பார்த்து எத்தனை பேரு நின்னாங்க? சும்மா கேட்டேன், கோச்சுக்காதே. அந்தக் கம்பெனியிலயே 2022 ஜூலையில கடைசிக் காரு வெளிய வந்துடுச்சு. அதனால பதவி, பிரமோஷனை எல்லாம் ஒரே பக்கத்துல முடி. வெள்ளிக் குத்துவிளக்கு குடுத்து அனுப்புனாங்கன்னு அரைப் பக்கம் எழுதியிருக்கியே, அதை அடி.

சொந்த ஊருன்னு ஒரு அத்தியாயம் கீதா? அதுல ஜாக்கிரதையா இரு. நான் பொறந்தது செங்கல்பட்டு ஜில்லா. 1997ல காஞ்சிபுரம் மாவட்டம்னாங்க. 2019 நவம்பர்ல திரும்பவும் செங்கல்பட்டுன்னாங்க. நான் இந்தத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லப்பா. ஊருதான் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு.

அது சரி, நடுவுல நாலு பக்கம் வெள்ளையா வுட்டிருக்கியே, இன்னாத்துக்கு? நிலத்துக்கா? நெனைச்சேன். மல்லாட்டை போட்ட கொல்லையெல்லாம் இப்போ நகரு, கார்டன், அவென்யூன்னு போர்டு மாட்டிக்கினு நிக்குது. யாருக்கு வித்தீங்க, எந்தப் புரோக்கரு வந்தான், எத்தனை சென்ட் போச்சு? இதையெல்லாம் எழுதாம பல்லவன் கிட்ட போயி ஒளிஞ்சுக்கினா எப்படி?

உங்க அக்கா கல்யாணமும் அந்த வெள்ளைப் பக்கத்துலதான் வரணும். 1989ல கலைஞர் ஆட்சியில, பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சமபங்குன்னு சட்டம் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாலயே கல்யாணம் ஆன பொண்ணுக்கு அந்தப் பங்கு கெடையாதுன்னு அதுலயே ஒரு பிரிவு. சட்டம் வரப் போகுதுன்ற பேச்சு டீக்கடைக்கு வந்ததும் உங்க நைனாவுக்குத் திடீர்னு பொண்ணு மேல பாசம் பொத்துக்கிச்சு. ஜாதகத்தைக் கூட சரியாப் பார்க்கல. பந்தியில நானும் உக்காந்து சாப்புட்டேன், வடை நல்லா இருந்துச்சு. 2005ல டெல்லிக்காரன் அந்தப் பிரிவையும் தூக்கிட்டான். ஆனா அதுக்குள்ள நீங்க அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுப் பத்திரம் பதிஞ்சு, வித்தும் தின்னுட்டீங்க. அக்காவுக்கு ரெண்டு புடவை போயிருக்கும்.

மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? நம்ம பெருமாளுக்கே நெத்தியில ஒரு கண்ணு கீது. பட்டரு நாமத்தை லேசாத் தூக்கித் தீபத்தைக் காட்டினாத்தான் தெரியும். அந்த அளவுக்காவது நீயும் தூக்கிக் காட்டு, போதும்.

அக்கா குரோம்பேட்டையிலதானே கீது? நாளைக்குக் காலையில தாம்பரம் தாண்டிப் போற எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறு, நோட்டையும் எடுத்துக்கோ. அது சொல்லச் சொல்ல நீ எழுது, குறுக்கப் பேசாதே. எழுதிக்கினு வா, மீதியை அப்புறம் படிக்கிறேன்.