அகரவரிசைப்படி அமைதி

அனுப்புநர்: செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடும் வாசகன், சென்னை.
பெறுநர்: ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) தலைமைச் செயலகம், ஜகார்த்தா.
பொருள்: மியான்மர் ராணுவ ஆட்சியைத் தாங்கள் கையாளும் நேர்த்தி – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: தங்கள் ஐந்து அம்ச உடன்பாடு, நாள் 24.4.2021.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவத் தளபதி ஜெனரல் மின் ஆங் லைங், தேர்தலில் வென்றவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் காவலில் வைத்தார். மூன்று மாதம் முடிவதற்குள் நீங்கள் ஜகார்த்தாவில் கூட்டம் போட்டுவிட்டீர்கள். அந்த வேகத்துக்கு முதல் பாராட்டு. கூட்டத்துக்கு அந்த ஜெனரலையே அழைத்து உட்காரவைத்த பெருந்தன்மைக்கு இரண்டாவது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஆடு திருடியவனை மரத்தடியில் நிற்கவைத்துத்தான் விசாரிப்பார்கள். தீர்ப்பு எழுத அவன் கையிலும் பேனாவைக் கொடுக்கும் நாகரிகம் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

அங்கே முடிவானவை ஐந்து: வன்முறை உடனே நிற்க வேண்டும், எல்லாத் தரப்பும் பேச வேண்டும், ஆசியான் தூதர் சமரசம் செய்ய வேண்டும், நிவாரணம் போய்ச் சேர வேண்டும், தூதர் நேரில் சென்று எல்லாத் தரப்பையும் பார்க்க வேண்டும். ஐந்துக்கும் ஜெனரல் தலையாட்டினார். ஊர் திரும்பிய இரண்டாம் நாள், நாட்டில் நிலைமை சீரானதும் இந்த யோசனைகளைப் பரிசீலிக்கிறோம் என்று அவரது ஆட்சி அறிவித்தது. நிலைமையைக் கெடுத்தவரே அது சீராகட்டும் என்று காத்திருக்கிறார். நீங்களும் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறீர்கள். கூட்டுறவு என்றால் இதுவல்லவா கூட்டுறவு!

நான் பெரிதும் வியப்பது தூதரை மாற்றும் முறையைத்தான். ஆசியான் தலைமை ஆங்கில எழுத்து வரிசைப்படி ஆண்டுக்கு ஒரு நாடாக நகர்கிறது. தலைமையோடு சிறப்புத் தூதரும் மாறுகிறார். புருனே தூதர் நியமனமாகவே ஆகஸ்ட் ஆகிவிட்டது. காவலில் இருந்த தலைவர் ஆங் சான் சூச்சியைப் பார்க்க விடமாட்டோம் என்று ராணுவம் சொன்னதால் அந்தத் தூதர் பயணத்தையே ரத்து செய்தார். அடுத்து கம்போடியா, பிறகு இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா. ஒவ்வொருவரும் கோப்பைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து படித்து, ஜெனரல்களின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகும்போது டிசம்பர் வந்துவிடும். அந்தப் பக்கம் மட்டும் ஆள் மாறவே இல்லை. ஆறாறு மாதமாக அவசர நிலையை நீட்டித்துக்கொண்டு அதே ஜெனரல் இருந்தார்.

கம்போடியாவின் முறையில் அதன் அன்றைய பிரதமர் ஹுன் சென் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறரைக் கலந்தாலோசிக்காமலே 2022 ஜனவரியில் மியான்மர் தலைநகர் நேப்பிடோ போனார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே போன முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவர்தான். ஜூனில், நான்கு பேரைத் தூக்கிலிட வேண்டாம் என்று ஜெனரலுக்குக் கடிதமும் எழுதினார். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை ஜூலையில் வந்தது: நால்வரின் தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. அவர்களில் ஒருவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபியோ ஸெயா தோ.

2023 இன்னும் விசேஷம். ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியின் பசிஜி கிராமத்தில் மக்கள் கூடியிருந்த இடத்தில் விமானம் குண்டு போட்டது. பிறகு ஹெலிகாப்டர் வந்து சுட்டது. 160 பேருக்கு மேல் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. மே 7-ல் உங்கள் சொந்த நிவாரண வண்டிகள் மீதே ஷான் மாநிலத்தில் துப்பாக்கிச் சூடு. உள்ளே இருந்தவர்கள் இந்தோனேசிய, சிங்கப்பூர்த் தூதரக அதிகாரிகள். இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோ மாநாட்டில் கண்டித்தீர்கள். செப்டம்பரில் ஆசியான் விமானப்படைத் தளபதிகள் மாநாடு கூடியது. எங்கே? நேப்பிடோவில். விருந்தளித்தது பசிஜியில் குண்டு போட்ட அதே விமானப்படை. சில நாடுகள் வர மறுத்தன என்பதைக் குறிப்பிடாவிட்டால் நான் நியாயமற்றவன் ஆகிவிடுவேன். மாநாடு நின்றதா என்றால், இல்லை.

அந்த ஆண்டே தாய்லாந்து தனியாக பட்டாயாவில் ஒரு கூட்டம் போட்டு மியான்மர் ராணுவ ஆட்சியின் வெளியுறவு அமைச்சரை வரவழைத்தது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் அமைச்சர்கள் போகவில்லை. மியான்மர் தவிர்த்த ஒன்பது நாடுகளும் ஒரே குரலில் பேசுவதாகத்தான் அறிக்கைகளில் படித்திருந்தேன்.

இதில் உனக்கென்ன என்று கேட்பீர்கள். சென்னை பாரிமுனைக்குப் பக்கத்தில் பர்மா பஜார் என்று ஒரு கடைத்தெரு. 1962-ல் மியான்மரில் (அன்று பர்மா) நே வின் ஆட்சியைப் பிடித்து, பின்னர் கடைகளை அரசுடைமையாக்கியபோது கைக்குக் கிடைத்ததோடு கப்பலேறிய பர்மா தமிழர்களுக்காக உருவானது. ஆசியான் பிறந்தது 1967-ல். ஆகையால் பாவம், அவர்களுக்காக ஆழ்ந்த கவலை தெரிவிக்கக்கூட அன்று ஆளில்லை.

2025 மார்ச் 28-ல் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவிலான நிலநடுக்கம். ஆயிரக்கணக்கில் சாவு. ஆட்சி போர்நிறுத்தம் அறிவித்துவிட்டுக் குண்டு போட்டுக்கொண்டே இருந்தது. மே 12-ல் சகாயிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீதும் விழுந்தது. இரண்டு வாரம் கழித்து கோலாலம்பூரில் உங்கள் தலைவர்கள் கூடி, அந்தப் போர்நிறுத்தத்தை நீட்டிக்கவும் விரிவாக்கவும் கேட்டுக்கொண்டார்கள். நடக்காத ஒன்றை நீட்டிக்கச் சொல்ல அசாத்திய நம்பிக்கை வேண்டும். அதற்கும் என் பாராட்டு.

எழுத்து வரிசைப்படி 2026-ல் தலைமை ஏற்க வேண்டியது மியான்மர். அதைத் தாண்டி பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்தீர்கள். ஐந்தாண்டில் நீங்கள் எடுத்த கடினமான நடவடிக்கை, மாநாட்டுக்கு ஜெனரலுக்குப் பதில் அரசியல் சாராத ஒருவரை அனுப்பச் சொன்னதும் இதுவும்தான். கடைசியில் ஜெனரல் தேர்தலும் நடத்தி முடித்துவிட்டார். சூச்சியின் கட்சி 2023-லேயே கலைக்கப்பட்டதால் போட்டியில் நெரிசல் இல்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் ஐந்து அம்சங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் ‘எல்லாத் தரப்பும்’ என்று இருக்கிறது. ராணுவ ஆட்சிக்கு எதிராக அமைந்த தேசிய ஐக்கிய அரசோடு இந்தோனேசியா ஓசைப்படாமல் பேசியது, மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் காணொளியில் பேசினார். உச்சி மாநாட்டு மேஜைக்கு மட்டும் அவர்களையோ, நாட்டின் பல பகுதிகளைக் கையில் வைத்திருக்கும் இனக்குழுப் படைகளையோ இதுவரை அழைக்கவில்லை. முகவரி தெரியாததுதான் காரணமென்றால் தாய்லாந்தின் மே சோட்டில் விசாரிக்கலாம். எல்லை தாண்டி வந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பதில் அனுப்புவதானால் தயவுசெய்து டிசம்பருக்குள் அனுப்பவும். ஜனவரியில் தூதர் மாறிவிடுவார். நான் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்