கம்பி நடும் மாப்பிள்ளைக்கு மாமன் சொன்னது

வா மாப்ள, உக்காரு. பினாங்கு பிட் ஸ்ட்ரீட்டுல கடைவீடு வாங்கி ஹோட்டல் ஆக்கப் போறியாமே? போர்டுல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைன்னு இருக்கு. என் நாக்கு இன்னும் பழைய பேரை விடல. சுவர் முழுக்கக் கம்பி நடப் போறேன்னியாம். நடு, நடு. இரும்புக் கடைக்காரரும் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கார்.

செங்கல் அமுக்கற சுமையை நல்லாத் தாங்கும், இழுத்தா விட்டுடும். காத்து ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் உறிஞ்சும். விநாடிக்கு 33 மீட்டர் காத்துன்னா சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 70 கிலோ. வேகம் இரட்டிச்சா அழுத்தம் நாலு மடங்கு. சுவர் வளையும்போது இழுபடற பக்கத்தைப் பிடிக்கத்தான் கம்பி.

புதுச் சுவர்னா கதவு ஜன்னலுக்கு மேல கம்பி போட்ட லிண்டல் பெல்ட் வீட்டைச் சுத்தி அறுபடாம ஓடணும். இந்தியாவோட ஐ.எஸ். 4326 விதி அதுக்குக் குறைஞ்சது 75 மில்லிமீட்டர் கனம் கேக்குது. கனத்தை விடு, மூலையைப் பாரு. அங்க கம்பியை மடக்கி அடுத்த சுவருக்குள்ள விட்டிருக்கணும். உன் கொத்தனார் மூலையிலயே வெட்டிட்டு, 'பாஸ், எல்லாம் ஓக்கே'ம்பான். முடிச்சுப் போடாத அரைஞாண் கயிறு அது.

நிலநடுக்கம்னதும் சிரிக்கறே. 2004 டிசம்பர் 26ல சுமத்ரா ஆடினது இங்க உயர்மாடிவாசிக்கும் தெரிஞ்சுது. 2015ல சபா ரானாவ்ல 6.0. அப்புறம்தான் 2017ல நம்ம நாட்டு நிலநடுக்க விதிக்கு இணைப்பு வந்துச்சு. தூரத்து ஆட்டம் பெரும்பாலும் உசந்த கட்டடத்தைத்தான் தேடும். உன் ரெண்டு மாடிக்கு வேற வில்லன்.

நீதான் அது! பழசு சுண்ணாம்புச் சுவர். அதுல சாதாரணக் கம்பியைக் குத்தி சிமெந்தால அடைச்சா ஈரம் உள்ளேயே நிக்கும். கடல் உப்புக் காத்து வேற. துரு பல மடங்கு பருத்து செங்கல்லையே பிளக்கும். அந்த வீட்டுக்கு வேணுங்கிறது சுவரையும் மாடி உத்தரத்தையும் சேர்த்துப் பிணைக்கற துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம், மாநகர் மன்ற அனுமதி இல்லாம ஆணிகூட அடிக்காதே.

அப்புறம், பக்கச் சுவரை இடிச்சு ஹாலைப் பெருசாக்கறதா பிளானாம். அது பொதுச் சுவர், மாப்ள. பக்கத்து வீட்டுத் தவுக்கேயோட உத்தரமும் அதுலதான் குந்தியிருக்கு. முதல்ல அவரைப் போய்ப் பாரு. என் பேரை மட்டும் சொல்லிடாதே. போன பெருநாளுக்கு வாங்கின கடன் இன்னும் நிக்குது.