அரசாங்க ரொட்டி

எழுபதுகளில் எங்கள் மாம்பலம் வீட்டில் ரொட்டி என்பது பலகாரம் அல்ல, பத்தியம். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் மெழுகுத்தாள் சுற்றிய மாடர்ன் பிரெட் உள்ளே வரும். பாலில் தோய்த்த இரண்டு துண்டுக்கு ஆசைப்பட்டு, தம்பி மொட்டைமாடி வெயிலில் நெற்றியைச் சுடவைத்துக்கொண்டு வந்து படுத்துவிடுவான்.

அந்த ரொட்டியைச் சுட்டது மத்திய சர்க்கார். அதைத் தொடங்கிய நாளில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாட்டில் தானியத் தட்டுப்பாடு. வாரம் ஒருவேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்ட காலம். 1965-இல் பிறந்த கம்பெனி அது. இயந்திரங்கள் கொழும்புத் திட்டத்தில் வந்த வெளிநாட்டு உதவி. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தொழிற்சங்கக்காரரான பெரியப்பாவுக்கு அது அசல் சுதேசி ரொட்டி.

அவருடைய பொற்காலம் 1977. ஜனதா ஆட்சியின் கெடுபிடியில் கோக்கோ-கோலா மூட்டை கட்டியதும், அந்த இடத்தை நிரப்ப இந்த ரொட்டிக் கம்பெனியைத்தான் சோடா கலக்கச் சொன்னார்கள். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் பக்குவம் சொன்னது. பெயர் ‘டபுள் செவன்’. பெரியப்பா எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்றைக் குடித்து, ஏகாதிபத்தியத்துக்கு எதிராக நீண்ட ஏப்பம் ஒன்றை விட்டார். ஜனதா ஜெயித்த வருஷத்தையே பெயராக வைத்துக்கொண்ட பானத்தை, 1980-இல் திரும்பி வந்த இந்திரா காந்தி சீராட்டுவாரா என்ன? டபுள் செவன் போனது. 1993-இல் கோக் வந்தது.

“ரொட்டி சுடுறதும் சோடா விக்கிறதுமா சர்க்கார் வேலை?” என்பது சித்தப்பாவின் கட்சி. அவர் வங்கிக்காரர். 1969-இல் இந்திரா 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது தெருவுக்கே ஜிலேபி கொடுத்தவர் என்பதை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது.

2000 ஜனவரியில் அவர் கட்சி ஜெயித்தது. அந்த ரொட்டிக் கம்பெனியான மாடர்ன் ஃபூட்ஸின் 74 சதவீதப் பங்கை ஹிந்துஸ்தான் லீவருக்குச் சுமார் 105 கோடி ரூபாய்க்கு வாஜ்பாய் அரசு விற்றது. நிர்வாகத்தையே தனியாரிடம் ஒப்படைத்த விற்பனைகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி; பால்கோ, விஎஸ்என்எல் எல்லாம் அப்புறம். பெரியப்பா துக்கம் காத்தார். சித்தப்பாவோ உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கி வந்தார்.

லீவருக்கும் அதைக் கட்டி மேய்க்க முடியவில்லையோ என்னவோ, 2016-இல் சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனம் ஒன்றிடம் கைமாற்றியது. அது 2021-இல் மெக்சிகோவின் பிம்போவுக்கு விற்றது. காய்ச்சல்காரர்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

அதே 2021 பட்ஜெட்டில் இரண்டு அரசு வங்கிகளை விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. மார்ச்சில் வங்கி ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓய்வுபெற்றுப் பல வருஷமான சித்தப்பா, பழைய சங்க பேட்ஜைத் தேடியெடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

“நீங்கதானே சித்தப்பா, சர்க்காருக்கு எதுக்கு வியாபாரம்னு கேட்டது?”

“அது ரொட்டிடா. இது பென்ஷன்.”