புளியங்கொம்பும் பெருவிரலும்

மேன்மைதங்கிய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் சமூகத்துக்கு,

திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காட்டைக் குறிக்கும் ‘திந்திரிணி வனம்’ என்பதன் திரிபு என்று சொல்லப்படுவதால், உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்டு அவ்வூர்ப் பென்ஷன் பாலிசிதாரர்களின் வயிற்றில் ஆண்டுதோறும் புளியைக் கரைப்பதும் ஊர்ப்பெயருக்கு இயைந்த திருப்பணியே என்று சமூகம் கருதியிருக்கக்கூடும். ஆன்யூட்டி எனப்படுவது, ஒருவர் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட, அவர் உயிரோடு இருக்கும்வரை குறித்த தொகையை மாதந்தோறும் தருவதற்கு நிறுவனம் கடன்பட்டிருக்கும் நெடுங்கால ஒப்பந்தமாகும். ஆயுள் காப்பீட்டில் பாலிசிதாரர் சீக்கிரம் இறந்தால் நிறுவனத்துக்கு நட்டம். இதிலோ அவர் சாகாமல் இருப்பதே நட்டம். ‘நீள்வாழ்வு இடர்’ எனப்படும் இந்நட்டத்தை முன்னதாகவே அளந்து விலை வைப்பதற்கென்றே, 2012-15 காலத் தரவைக் கொண்டு இந்திய ஆன்யூட்டிதாரர்களுக்குத் தனி இறப்பு விகித அட்டவணை தொகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கிழவி ஒருத்தி நெடுநாள் வாழ்வது சமூகத்துக்குத் தெரியாமல் நேர்ந்த விபத்தன்று. அதற்கும் சேர்த்தே பணம் வாங்கப்பட்டது.

அத்தகைய மூதாட்டி ஒருவர், பென்ஷன் நின்றுபோனதால் சென்ற வாரம் திண்டிவனத்தில் பேருந்தேறி விழுப்புரம் கிளைக்கு வந்து, புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பத்து விரல்களையும் கைரேகைக் கருவியில் அழுத்திப் பார்த்தும் ஒன்றும் பொருந்தாமற்போக, ‘சிஸ்டத்தில் நீங்கள் உயிரோடு இல்லை’ என்று அவர் முகத்துக்கு நேரே அறிவிக்கப்பட்டது. களையெடுத்தும் புளிக்குக் கொட்டை நீக்கியும் தேய்ந்த விரல்கள் அவை. பாலிசி விற்ற முகவர், புளியங்கொம்பைப் பிடித்துவிட்டதாக வாழ்த்தி விண்ணப்பத்தில் ஊன்றச் செய்த பெருவிரலும் அவற்றுள் ஒன்றே. அன்று அதன் ரேகையை எவரும் ஐயுறவில்லை. அரசு ஓய்வூதியர்க்கு 2014 நவம்பரில் மின்னணு உயிர்வாழ் சான்றும், 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே உறுதிசெய்யும் முறையும் வந்துவிட்டன என்றாலும், எதிரில் நிற்கும் முகத்தைப் பார்ப்பது அக்கிளையின் நடைமுறையில் இல்லைபோலும். புளியம்பழமும் ஓடும்போல ஒட்டாமல் பழகுவதில் சமூகம் கைதேர்ந்தது.

நிலுவைத் தொகை பத்தாண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும் என்பதும், அங்கும் இருபத்தைந்து ஆண்டுகள் எவரும் கோராவிட்டால் மத்திய அரசைச் சேரும் என்பதும் சட்டம். கேட்பவர் வாசலிலேயே நிற்க, அவர் பணம் மூத்த குடிமக்களின் நலனுக்குப் போவதைவிடப் பெரிய நலத்திட்டம் உண்டோ? வாழ்நாள் முழுவதும் தருவதாகக் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, தரவேண்டிய நாளில் ஆளே இல்லை என்பது மோசடி. அதற்கு வேறு பெயர் கிடையாது. சமூகம் பொறுத்தருள வேண்டும், புளி சற்றுத் தூக்கலாகிவிட்டது. பசியேப்பமும் புளியேப்பமும் ஒரே கவுண்டரின் இருபுறமும் கேட்கும்போது இவ்வாறு நேர்ந்துவிடுகிறது.

நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் கழிந்தும் பதில் வராவிட்டால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம். மூதாட்டியின் முறையீடு பதிவுத் தபாலில் சேர்க்கப்பட்டாயிற்று; அதன் அடியில் ஊன்றப்பட்டிருப்பதும் அதே பெருவிரல்தான்.