படிச்சேன் சார், அதுல ஒண்ணும் இல்ல

ராத்திரி பத்தே முக்காலுக்கு மாடி வீட்டு ஆடிட்டர் போன் செய்தார்.

"தூங்கிட்டீங்களா சார்? ஒண்ணுமில்ல, மவுஸ் காணாமப் போச்சு."

அவருக்கு டாஸ்பாக்ஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவான் நான். "பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா இப்பல்லாம் ஓடுமா சார்? காலேஜ்ல ஆடினது" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். ஐம்பதைத் தொடப்போகிறவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்தக் காலத்து டாஸ் கேம்கள் நேரடியாக ஓடாது. டாஸ் இன்னும் உயிரோடு இருப்பதாக நடிக்க ஓர் எமுலேட்டர் வேண்டும், அதுதான் டாஸ்பாக்ஸ். போட்டுக் கொடுத்தேன். கூடவே நானே எழுதி, நானே பிழை திருத்தி, பிரிண்ட் எடுத்து, மூலையில் ஸ்டேப்பிள் அடித்த நாலு பக்கக் குறிப்பையும் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்: ஜன்னலுக்குள் கிளிக் செய்தால் மவுஸ் உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியே எடுக்க கண்ட்ரோலோடு எஃப்10.

"குறிப்பைப் பாத்தீங்களா சார்?"

"படிச்சேன் சார். அதுல ஒண்ணும் இல்ல."

"முதல் பக்கத்துலயே இருக்கே."

"அது இப்பக் கைல இல்ல. பாப்பா பின்பக்கத்துல படம் வரைஞ்சுட்டிருக்கா. நான் பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகினேன், மவுஸ் வந்துடுச்சு. கேமுக்குள்ள போனா திரும்பக் காணோம். ஒவ்வொரு தடவையும் பிடுங்கணுமா சார்?"

இவர் வருமான வரிச் சட்டத்தைப் படித்துச் சோறு தின்பவர். எந்தப் பிரிவுக்கு எந்த விலக்கு, அந்த விலக்குக்கு எந்த விளக்கம், அந்த விளக்கத்தைக் குழப்ப எந்தச் சுற்றறிக்கை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். என் குறிப்பில் உட்பிரிவு (அ), (ஆ) போடாததுதான் குறையோ என்னவோ. கண்ட்ரோல் எஃப்10 சொல்லிக் கொடுத்துவிட்டு வைத்தேன். தூக்கம் போயே போய்விட்டது. கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். புது போன் பெட்டியில் ஒரு குட்டிப் புத்தகம் இருந்ததே, அதை ஏன் எடுத்தீர்கள்? அடியில் சார்ஜர் இருக்கிறதா என்று பார்க்கத்தானே? தெரியும்.

இந்த ஜனங்களை ரீட்மீ, அதாவது 'என்னைப் படி' என்று மென்பொருளோடு வரும் குறிப்பு, படிக்க வைக்க நிச்சயமான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

டாஸ்பாக்ஸ் 2002 முதல் இருக்கிறது. திறந்த உடனே நீலக் கட்டம் ஒன்று வரும். புதிதாக வந்திருக்கிறாயா, இன்ட்ரோ என்று தட்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்க கண்ட்ரோலோடு எஃப்11, எஃப்12. மேலும் தெரிய ரீட்மீ கோப்பைப் படி. போய் சந்தோஷமாக விளையாடு. ஏறக்குறைய இவ்வளவுதான் அதில் இருக்கும். எழுதியவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தால் நாம் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்று இத்தனையும் சொல்வார்கள்! அதன் கீழே இசட் என்ற எழுத்து கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். உடனே போன். "அண்ணே, சி டிரைவ் வரல, இசட்னு வருது. வைரஸா?"

இது அத்தை மகன். வைரஸ் இல்லை தம்பி, உன் கேம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதை மவுண்ட் செய்தால்தான் டாஸ்பாக்ஸுக்கு அது சி டிரைவாகத் தெரியும் என்றேன். "அப்படியா? இதையெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சா நல்லாருக்கும்ல?" என்றான். ரீட்மீயில் கேள்வி பதில் பகுதி ஆரம்பிப்பதே இந்த இசட் சமாசாரத்தில்தான். எல்லாரும் வந்து இடித்துக்கொள்ளும் தூண் இது என்று தெரிந்து அதில் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இடித்துக்கொண்டவன் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறான்.

அவனுக்கு அடுத்து மேம் ஆசை வந்தது. கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் மெஷின்களை அப்படியே நடிக்கும் மென்பொருள் அது. இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997ல் ஆரம்பித்தது. அதன் பழைய பதிப்புகளில் கேம் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை வரும்: இந்த கேமை வைத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை என்றால் நீ செய்வது சட்டவிரோதம். படித்தாய் என்பதற்கு அடையாளமாக ஓ, கே என்று இரண்டு எழுத்தைத் தட்ட வேண்டும், இல்லை ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். படிக்க வைக்க மனிதகுலம் செய்த நேர்மையான முயற்சிகளில் ஒன்று. உலகம் என்ன செய்தது? எச்சரிக்கையை விட்டுவிட்டு அந்த இரண்டு எழுத்தை மட்டும் விரலுக்குப் பழக்கிக்கொண்டது. பிற்பாடு அவர்களே வெறுத்துப்போய் அதை எடுத்துவிட்டார்கள்.

"காசு போடு, காசு போடுன்னு மின்னுதுண்ணே. கார்டு நம்பர் கேட்குமா?" கீபோர்டில் 5 தான் காசு, 1 தான் ஸ்டார்ட். இதுவும் எழுதியிருக்கிறது.

ஆபீசில் ஒருவர் வேறு ரகம். "போன வருஷம்தான் சார் லேப்டாப் வாங்கினேன். முப்பது வருஷத்துப் பழைய கேம், ஏன் திணறுது?" என்று நான்தான் லேப்டாப்பை விற்ற மாதிரி கேட்டார். அவர் ஆடியது சூப்பர் நின்டெண்டோ கேம். அந்தப் பெட்டியின் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் ஒவ்வொரு சிப்பையும் பிசிறில்லாமல் நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் வேண்டியிருக்கிறது என்று பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதியவர் 2011ல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அதை அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு பொம்மை போட்டார். மறுநாள் கேன்டீனில், "ஏன் சார் திணறுது?"

சரி, பிரின்ஸுக்கு வருகிறேன். ஜோர்டான் மெக்னர் அதை 1989ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதினார், 1990ல் டாஸுக்கு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். நீங்கள் ஆடியிருப்பீர்கள், கத்தி எடுக்க ஓடி முள்ளில் செத்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அந்த அறையைப் பற்றி. டாஸ் பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். தரையில் வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல், அதன் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கீழே வரும். சரியாகக் குடித்தால் கதவு திறக்கும். தவறாகக் குடித்தால் உயிர் குறையும், மறுபடி தவறினால் சாவு.

கள்ளப் பிரதியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு என்பார்கள். எனக்கு அது தர்மமாகவே படுகிறது. படிக்கவில்லையா, செத்துப் போ. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இந்த அறையை ஒரு விளையாட்டோடு ஏன் விட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம். மிக்ஸி வாங்குகிறீர்கள். பெட்டியைப் பிரித்து, அட்டையைப் பரணில் போட்டு, உளுந்தைப் போட்டு, சுவிட்சைத் திருப்புகிறீர்கள். ஓடாது. மூன்று குப்பிகள் மேலே எழும்பும். கையேட்டின் ஏழாம் பக்கம், நாலாம் வரி, இரண்டாம் சொல். "ஏங்க, அந்தப் புஸ்தகம் எங்க?" பரணில். ஏணி? எதிர் வீட்டில். எதிர் வீட்டுக்காரர் தன் ஏணியின் கையேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார், அதிலும் ஏற ஒரு குப்பி குடிக்க வேண்டியிருக்கிறது. உளுந்து ஊறிப் புளித்துப் போகட்டும், நல்லது. குக்கர் மூன்று விசில் அடித்ததும் கேள்வி கேட்கட்டும். வாட்டர் ஹீட்டர், ஈரத்தலையோடு நிற்பவரை ஹிந்தி, தமிழ், தெலுங்கு மூன்றிலும் கேட்கட்டும். வீட்டுக்கடன் பத்திரத்தில் நாற்பது இடத்தில் மடமடவென்று கையெழுத்துப் போடுகிறீர்களே, நாற்பதுக்கும் நாற்பது குப்பி. "பூர்த்தி செய்யுமுன் குறிப்புகளைப் படிக்கவும்" என்று அரசாங்க விண்ணப்பங்களில் இருக்கும், நினைவிருக்கிறதா? இல்லை. அதுவும் ஒரு குப்பி. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் அச்சடித்திருக்க, "மண்டபம் எங்க?" என்று முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மணப்பெண்ணின் அப்பாவுக்கே போன் போடும் தாய்மாமன்கள்! பந்திக்கு முன்னால் அவர்களை வரிசையாக நிறுத்த வேண்டும். பத்திரிகையில் ஐந்தாம் வரி, மூன்றாம் சொல் என்ன மாமா? தெரியாதா? பாயசக் கிண்ணம் ஐந்து இருக்கிறது, ஒன்றில்தான் சர்க்கரை. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் தண்ணீர் வராத நேரத்தை லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறோம், கண்ணுக்கு நேரே. தலை முழுக்க ஷாம்பூவோடு செயலாளருக்கு போன் போடுகிறவர்கள் அந்த லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். லிஃப்டில் எண்களை எடுத்துவிட்டு எழுத்துக் குப்பிகள் வைக்கச் சொல்லி பொதுக்குழுவில் மனு கொடுத்தேன். மனுவை யாரும் படிக்கவில்லை.

என் மனைவி இந்த இடத்தில் குறுக்கிட்டாள். "யாருமே கேக்காத நோட்ஸை எழுதறது ஒரு வியாதி. அதைப் படிக்கலன்னு கோவப்படறது ரெண்டாவது வியாதி." முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு எதையும் எழுதி, எண் போட்டு, தலைப்பு தடித்து வைத்தால்தான் சோறு இறங்கும். சின்னப் பையனாக இருந்தபோது கேரம் போர்டு விதிகளை எழுதி சுவரில் ஒட்டியவன். என்னோடு கேரம் ஆட யாரும் வராதது வேறு விஷயம்.

ஆனால் கேளுங்கள். அந்தக் குப்பி அறையை நாம் எப்படித் தாண்டினோம்? நம்மில் யாரிடமும் கையேடு இல்லை. கையேட்டைக் கண்ணால் பார்த்தவன்கூட இல்லை. சீனியரின் ஃபிளாப்பியிலிருந்து ஜூனியரின் ஃபிளாப்பிக்குப் போன கேம். பிரின்ஸ் என்று தட்டும்போது பக்கத்தில் மெகாஹிட் என்று சேர்த்துத் தட்டினால் ஏமாற்று வழிகள் திறக்கும், கட்டம் கட்டமாகத் தாவலாம். இதை நமக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. லேப் அட்டெண்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் எவனோ காதில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நான் டாஸ்பாக்ஸை ஓடவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுத்ததும், ஆடிட்டர் ஒரு கணம்கூட யோசிக்காமல் அந்த வார்த்தையைத் தட்டினார். எழுத்துப் பிழை இல்லாமல்! முப்பது வருஷம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. நான் கொடுத்த காகிதத்தின் முதல் பக்கம் அதே மண்டைக்குள் மூன்று நாள் தங்கவில்லை.

காண்ட்ரா கேமும் இப்படித்தான். மேலே மேலே கீழே கீழே இடம் வலம் இடம் வலம் பி ஏ, முப்பது உயிர். டிவியில் சொருகி ஆடும் டூப்ளிகேட் பெட்டி வைத்திருந்த எந்தப் பையனும் சொல்வான். கோனாமி கம்பெனியில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 1986ல் கிரேடியஸ் கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, கடினமாக இருக்கிறதே என்று தன் வசதிக்கு வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. ஜப்பானில் ஒருவர் தனக்காக வைத்துக்கொண்டது நம் தெருவில் பொரிகடலை விற்கிற பையன் வரைக்கும் வந்துசேர்ந்துவிட்டது. ஜனங்களுக்காகவே எழுதிய ரீட்மீ, அதே ஃபோல்டரில் இருந்துகொண்டு, பக்கத்துக் கோப்பு வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை.

இது எனக்கு முன்பே புரிந்ததுதான், அதனால் ஏற்கெனவே ஒரு தந்திரம் செய்து பார்த்திருக்கிறேன். குறிப்பு என்ற தலைப்பை அடித்துவிட்டு, "டாஸ்பாக்ஸில் யாருக்கும் தெரியாத ரகசியக் கீ" என்று போட்டு, அதே எஃப்10, எஃப்11, எஃப்12 விஷயத்தை பழைய கேம் பிரியர்கள் குழுவில் வாட்ஸ்அப்பில் விட்டேன். பறந்தது. ஒரே வாரத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா எனக்கே அதை அனுப்பினார், பலமுறை பகிரப்பட்டது என்ற முத்திரையோடு. நடுவில் யாரோ எஃப்10ஐ எஃப்9 ஆக்கியிருந்தார்கள். கண்ட்ரோல் எஃப்9 டாஸ்பாக்ஸை அந்த இடத்திலேயே கொன்று மூடிவிடும். "சூப்பர் ரகசியம்பா, மவுஸ் உடனே வெளிய வந்துடுது. கேம்தான் போயிடுது" என்று சித்தப்பா கீழே எழுதியிருந்தார்.

டாஸ்பாக்ஸின் ரீட்மீயில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேள்வி பதில் பகுதியின் கடைசிக் கேள்வி: ரீட்மீ பிரமாதம், ஆனால் இன்னும் புரியவில்லையே? கேள்வியை வைத்தவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. பதிலில் என்ன சொல்கிறார்கள்? புதியவர்களுக்கென்று படங்களோடு இன்னொரு வழிகாட்டி இருக்கிறது, அதைப் பாருங்கள் என்கிறார்கள்.

சரி, படம்தான் பிரச்சினை போலிருக்கிறது என்று என் குறிப்பையும் படமாக்கினேன். கீபோர்டை வரைந்தேன். கண்ட்ரோல், எஃப்10 இரண்டுக்கும் சிவப்பு அடித்தேன். கூண்டுக்குள் ஒரு மவுஸ், கூண்டுக் கதவு திறப்பது, மவுஸ் வெளியே வருவது என்று மூன்று கட்டம், நடுவில் கொழுத்த அம்புக்குறிகள். அத்தை மகனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"செம அண்ணே! அம்பெல்லாம் நீங்களே வரைஞ்சதா? என்ன சாஃப்ட்வேர்? எனக்கும் போட்டுக் குடுங்க, எப்படி யூஸ் பண்றதுன்னு போன்ல கேட்டுக்கறேன்."