தட்கல் நேரத்தில் ஜாவா

கேள்வி: கல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளைக்கூடச் சமாளித்துவிடலாம். காலை 11 மணிக்குச் சென்னைக்குத் தட்கல் எடுப்பதுதான் பெரும்பாடு. நாடே ஒரே நிமிடத்தில் வந்து முட்டும்போது முன்பதிவுத் தளம் எப்படித் தாங்குகிறது?
– வாசகி, கல்லாறு, திருவனந்தபுரம்

பதில்: முக்கியமாக ரேமால். பழைய ஐ.ஆர்.சி.டி.சி. தளம் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் தந்தது. ஒரே சமயத்தில் 40,000 பேரைத் தாங்கியது. 2014-ல் ரயில்வேயின் 'கிரிஸ்' அமைப்பு உருவாக்கிய புதிய தளத்தின் இலக்கு 7,200 டிக்கெட், 1,20,000 பேர். அதற்குத் துணை நின்றவற்றில் ஒன்று, ஜாவாவில் எழுதப்பட்ட 'ஜெம்ஃபயர்'. பல சர்வர்களின் ரேமை ஒரே பெரிய நினைவகமாகக் கோத்து, அடிக்கடி கேட்கப்படும் தகவலை அங்கேயே வைத்திருப்பது அதன் வேலை. இப்படிக் கோத்த அமைப்பைத்தான் 'க்ரிட்' என்பார்கள். சுழலும் டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சில மில்லி விநாடி ஆகும். ரேமுக்கு ஏறத்தாழ 100 நானோ விநாடி. நடுவில் நெட்வொர்க்கைத் தாண்டுவதால் அந்த லாபம் முழுதாகக் கைக்கு வராது. வருகிற வரைக்குமே பெரிய லாபம்தான்.

கேள்வி: அப்படியானால் எனக்கு ஏன் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்?

பதில்: ரேமைக் கூட்டலாம், பெர்த்தைக் கூட்ட முடியாதே!

கேள்வி: எந்தத் தகவல் எந்த சர்வரில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பதில்: தேட வேண்டியதே இல்லை, கணக்குப் போட்டால் போதும். ஜெம்ஃபயர் போன்ற இன்னொரு மென்பொருளான 'ஹேசல்காஸ்ட்' வழக்கமாகத் தகவலை 271 பங்குகளாகப் பிரிக்கும். தகவலின் சாவியை ஹாஷ் செய்து, அதாவது ஓர் எண்ணாக மாற்றி, 271-ஆல் வகுத்தால், மீதியே பங்கின் எண். எந்தப் பங்கு யாரிடம் என்ற பட்டியல் க்ளஸ்டரில், அதாவது அந்த சர்வர் கூட்டத்தில், எல்லோரிடமும் இருக்கும். புது சர்வர் சேர்ந்தால் சில பங்குகள் அதற்கு இடம் மாறும்.

கேள்வி: ரேமில் இருப்பது கரண்ட் போனால் போய்விடுமே?

பதில்: போய்விடும். உங்கள் ஊர் லட்சுமிக்குட்டி அம்மாவை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 500 பச்சிலை மருந்துகளை நினைவிலிருந்தே செய்பவர் என்று 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். இத்தனை அறிவு ஒருவர் நினைவில் இருப்பது பெருஞ்செல்வம். இன்னொருவரிடம் போய்ச் சேரும்வரை பெருங்கவலையும்கூட. அதனால்தான் ஒவ்வொரு பங்குக்கும் வேறொரு சர்வரில் ஒரு பிரதி வைக்கிறார்கள். ஒன்று விழுந்தால் பிரதி பொறுப்பேற்கும். கவனியுங்கள்: அசலும் பிரதியும் ஒரே இயந்திரத்தின் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே போகும். எல்லா சர்வரும் ஒன்றாகப் படுத்தால் டிஸ்க்கில் எழுதியது மட்டுமே மிஞ்சும். பணமும் டிக்கெட்டும் டிஸ்க்கில் பதிவாகாமல் "வெற்றி" என்று திரையில் காட்டவே கூடாது.

கேள்வி: டெக்னோபார்க்கில் ஜாவா எழுதுகிறேன். மீதமுள்ள சீட்டை 'கெட்' செய்து, ஒன்றைக் கழித்து, 'புட்' செய்கிறேன். சோதனையில் சரியாக இருந்தது. கூட்டம் வந்ததும் ஒரே சீட் இருவருக்குப் போனது. க்ரிட் பழுதா?

பதில்: க்ரிட் சரியாகத்தான் செய்தது. இருவர் ஒரே நேரத்தில் 'ஒன்று மீதி' என்று படித்தார்கள், இருவரும் கழித்து எழுதினார்கள். தகவலை உங்களிடம் இழுக்காமல், கழிக்கும் வேலையைத் தகவல் இருக்கும் சர்வருக்கு அனுப்புங்கள். அதற்குத்தான் 'என்ட்ரி ப்ராசஸர்' இருக்கிறது: ஒரு சாவியின் மேல் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் நடக்கும்.

இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. ஆயிரம் ரயில்கள் ஆயிரம் சாவிகளாகப் பரவும். ஆனால் தட்கல் திறந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே ரயில் என்றால், அத்தனை சுமையும் ஒரே பங்கின் தலையில். பத்து சர்வர் சேர்த்தாலும் மற்றவை கைகட்டி நிற்கும். படிப்பதற்குப் பிரதிகள் போடலாம். ரயில் நேரம், கட்டணம் எல்லாம் அப்படி எத்தனை பிரதியிலும் இருக்கட்டும். கழிப்பதற்கு ஓரிடம்தான் வேண்டும். ரயில்வேயிலும் இந்தப் பிரிவு உண்டு: தளம் ரேமிலிருந்து பதில் சொல்லலாம், பெர்த்தை ஒதுக்குவது பின்னால் இருக்கும் முன்பதிவு அமைப்புதான்.

கேள்வி: சர்வர்கள் எல்லாம் நலம், இடையே நெட்வொர்க் மட்டும் அறுந்தால்?

பதில்: இதுதான் மிகவும் ஆபத்தான நிலை. இரண்டு பாதிகளும் 'மற்றவர் இறந்துவிட்டார்' என்று நம்பி, தனித்தனியே விற்கத் தொடங்கும். பெரும்பான்மை சர்வர்கள் உள்ள பக்கம் மட்டும் எழுதலாம் என்று விதி வையுங்கள். சிறுபான்மைப் பக்கம் கொஞ்ச நேரம் "பொறுங்கள்" என்று சொல்லட்டும். ஒரே பெர்த்துக்கு இரண்டு பேரை ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இருநூறு பேர் பயன்படுத்தும் விடுப்பு விண்ணப்ப மென்பொருள். ஒரு க்ரிட் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். டேட்டாபேஸில் சரியான இண்டெக்ஸ் போடுங்கள்.

கேள்வி: காசில்லாமல் கற்றுக்கொள்ள வழி உண்டா?

பதில்: நிறைய. ஜெம்ஃபயரின் திறந்த மூல வடிவம் 'அப்பாச்சி ஜியோட்'. 'அப்பாச்சி இக்னைட்', 'இன்ஃபினிஸ்பான்', ஹேசல்காஸ்டின் சமூகப் பதிப்பு ஆகியவையும் இலவசம். உங்கள் மடிக்கணினியிலேயே மூன்று நோடுகளை (க்ளஸ்டரின் உறுப்புகளை) ஓட்டுங்கள். லட்சம் பதிவுகளை ஏற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோடைக் கொன்றுவிட்டு, பதிவுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் உங்கள் பிரதி அமைப்பு தவறு. அதைச் சரிசெய்த பிறகே வாடிக்கையாளரின் தகவலைத் தொடுங்கள்.